முத்துக்குளித்துறைச் சாலையில்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையின் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வேனில் புறப்பட்டால் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். சாலை என்று ஒன்று இல்லாத காலத்தில் இக்கரைக்குக் கடலே சாலையாக இருந்தது. காற்று ஒத்துழைத்தால் தோணி. ஒத்துழைக்காவிட்டால் சுடுமணலில் நடை. முத்துக்குளித்துறை என்று வரலாறு அழைக்கும் கடற்பகுதியில், நாங்கள் பயணம் செய்த இந்த நீளம் அதன் தென்பாதி.

எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்களோடு மே மாதத்தில் இப்பயணத்தை மேற்கொண்டோம். கோடை என்றால் மலைக்குப் போவதே வழக்கம். கடற்கரைக்கா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இக்கரையின் வரலாறு கோடையில் எழுதப்பட்டது. பங்குனி, சித்திரையில் கடல் அடங்கித் தெளிந்திருக்கும் சில வாரங்களில்தான் முத்துச் சலாபம் நடந்தது. அந்தச் சில வாரங்களுக்காகவே பாண்டியரும் நாயக்கரும், அரபியரும் போர்த்துக்கீசியரும், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரோடொருவர் மோதினர்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவை கடலுக்குப் போகக் கூடாது. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் சலாபம் பற்றிக் கேட்டோம். அவருடைய தந்தை முத்துக் குளித்தவராம். கடலடியில் முத்துச்சிப்பி படிந்திருக்கும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். ஒரு நிமிட அளவில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு கயிற்றை இழுப்பார். மேலே படகில் இருப்பவர் அவரைத் தூக்க வேண்டும். “மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணும் சாமி. தங்கச்சி தாலி அறுக்கிறதுக்கு எவனும் கயிற்றை விடமாட்டான்ல” என்றார் அவர். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ என்பவர் சலாபத்தில் இருந்ததும், அவருக்குப் பங்கு உண்டு என்பதும் மார்க்கோ போலோ காலம் முதல் பதிவான செய்தி. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் கடல்கட்டி இல்லாமல் நம்மவர் இறங்க மறுத்தார்கள் என்பதை ஆங்கிலேய அதிகாரிகள் சற்று நகைப்போடு எழுதியிருக்கிறார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் அந்த அதிகாரிகள் அல்லர்.

எடுத்த சிப்பியில் எடுத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது? பிரித்தானிய அரசு நடத்திய சலாபங்களில் குளிப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு; மற்ற இரண்டும் அரசுக்கு. அதற்கு முந்திய ஆட்சிகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளத் தவறவில்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் 1535இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இயலாது.

நம் மக்களில் பலர், புனித சவேரியார் வந்து போதித்ததால் முத்துக்குளித்துறை திருமுழுக்குப் பெற்றது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நம் சிறு நூல்கள் சிலவும் அவ்வாறே எழுதிவிட்டன. நடந்தது வேறு. சலாப உரிமை பற்றிப் பரதவருக்கும் அக்காலத்துக் கடல் வணிகருக்கும் இடையே பகை முற்றி, உயிர்ச்சேதம் வரை போயிருந்தது. அப்போது குதிரை வணிகத்தின் பொருட்டு இக்கரைக்கு வந்திருந்த ஜான் த குருஸ், மலையாள நாட்டில் பிறந்து லிஸ்பனில் கிறிஸ்தவரானவர், ஒரு வழி சொன்னார்: போர்த்துக்கீசியரின் மறையைத் தழுவுங்கள், அவர்கள் கப்பல்கள் உங்களைக் காக்கும். பரதவத் தலைவர்களின் தூதுக்குழு கொச்சிக்குச் சென்றது. போர்த்துக்கீசியப் படை வந்தது. குருக்களும் வந்தார்கள். 1536, 37ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகத் தரப்படும் எண்ணிக்கை. அதன் பிறகு மறையைக் கற்பிக்க ஆளின்றி ஆண்டுகள் ஓடின. சவேரியார் இக்கரையில் கால் வைத்தது 1542இன் பிற்பகுதியில்தான்.

இதை வண்டியில் சொல்லிக்கொண்டு வந்தபோது, பின் இருக்கையிலிருந்த இளம் ஆசிரியை ஒருவர், அவருடைய தாய்வழி இக்கரையைச் சேர்ந்தது, கேட்டார்: “அப்படீன்னா எங்க முன்னோர் முத்துக்காகத்தான் ஞானஸ்நானம் வாங்கினாங்களா, சாமி?”

வண்டியில் சற்று நேரம் பேச்சில்லை. ஆம் என்று சொன்னால் அவருக்கு அது வலிக்கும். இல்லை என்றால் அது பொய். சாலையின் இருபுறமும் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தன. போகிற வழியில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னோம்.

பழையகாயல் சாலையோரத்து ஊர். நிறுத்தாமல் போகிறவர்களுக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம். 1290களில் மார்க்கோ போலோ கண்டு வியந்த ‘காயில்’ துறைமுகம் இதுவே. அரபு நாட்டுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இங்கே இறங்கின. அவற்றைப் பேணத் தெரியாமல் சாகவிட்டுவிட்டு மறு ஆண்டும் வாங்குகிறார்கள் என்று அந்த வெனிசு வணிகர் எழுதிவைத்தார். இன்று அங்கே நின்றால் கடல் கண்ணில் படாது. இன்னும் உள்ளே தள்ளிப் போனால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மாலுமிகளின் குறிப்பில் இடம்பெற்ற ஊர். மரண தண்டனை பெற்ற கைதிகளை அங்கே முத்துக் குளிக்க விட்டார்கள் என்று அக்குறிப்பு சொல்கிறது. இப்போது சுற்றிலும் வயலும் வாழையும். கால்டுவெல் இவ்விரு ஊர்களையும் தேடிச் சென்று மண்ணைத் தோண்டிப் பார்த்தார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் தோண்டியிருக்கிறது.

கடலை இவ்வளவு தூரம் தள்ளியது தாமிரபரணி. ஆறு ஆண்டுதோறும் கொண்டுவரும் வண்டல் முகத்துவாரத்தில் படிந்து கரை முன்னேற, துறைமுகம் பின்தங்கிவிடும். கொற்கை போய்ப் பழையகாயல் வந்தது. பழையகாயல் தூர்ந்து புன்னைக்காயல் வந்தது. துறைமுகம் இடம் மாறும்போது வணிகனும் அரசனின் அதிகாரியும் உடன் மாறுவார்கள். மீனவன் மட்டும் புதிய கரைக்குப் போய்க் குடிசை போட்டுக்கொள்வான். அவனுக்குத் துறைமுகம் வேண்டாம், கரை போதும்.

ஆத்தூரிலிருந்து இடப்பக்கம் பிரிந்து சென்றால் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல். இங்கே வண்டியை அதிக நேரம் நிறுத்தினோம். காரணம், ஹென்றிக்கஸ் அடிகளார். போர்த்துக்கீசியரான இவர் 1540களின் பின்பாதியில் இக்கரைக்கு வந்து, அரை நூற்றாண்டு காலம் இங்கேயே உழைத்து, 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். சவேரியார் தமிழில் மனப்பாடம் செய்த செபங்களை மணியடித்துச் சிறுவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஹென்றிக்கஸ் தமிழை இலக்கணத்தோடு கற்றார், தமிழிலேயே எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்த ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்துகளிலேயே, இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். பதினாறே பக்கம். 1586இல் அவருடைய ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது.

தமிழ் அச்சின் வரலாறு பேசுவோர் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த எழுத்துகளை வார்க்கவும் நூலை அச்சிடவும் பணம் கொடுத்தவர்கள் யார்? இந்த முத்துக்குளித்துறைப் பரதவர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். தாங்கள் வாசிக்கவே போகாத புத்தகத்துக்காக, மூச்சைப் பிடித்து இறங்கி எடுத்த காசைக் கொடுத்தார்கள். ஆசிரியையின் கேள்விக்கு இது விடையாகாது. ஆனால் கேள்வியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. வரவுக்காக மட்டும் செய்த பேரத்தில் இப்படி ஒரு செலவு வராது.

காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களையும் வீரபாண்டியன்பட்டினத்தின் கோபுரத்தையும் கடந்து திருச்செந்தூர். கடலுக்கு இத்தனை அருகே நாழிக்கிணற்றில் நல்ல நீர் ஊறுவதை எங்கள் ஆசிரியர்கள் வியந்து பேசிக்கொண்டார்கள். இக்கரையில் குடிநீர் எப்போதுமே ஒரு வரலாற்றுச் செய்தி. அதற்கு அடுத்த ஊரே சான்று.

ஆலந்தலை சிறிய ஊர். இங்கிருந்து 1544 செப்டம்பர் 5ஆம் நாள் சவேரியார் தம் உடன் பணியாளர் மான்சிலாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்காலத்தில் இக்கரைக்குப் போர்த்துக்கீசியக் கேப்டனாக இருந்தவர் கொஸ்மே த பைவா. மக்களைக் காக்க வந்தவர், தம் வணிகத்தையே காத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர்களுக்கு இவர் செய்த தீங்குகளுக்காகச் சவேரியார் அவர்மேல் கடுஞ்சினம் கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வடுகப் படை தூத்துக்குடியில் புகுந்தது. கேப்டனின் கப்பல் பறிபோயிற்று, வீடு எரிந்தது, ஆள் தீவுக்குத் தப்பி ஓடினார். ஆலந்தலையிலிருந்து போன கடிதத்தின் சாரம்: உடனே புறப்படு, தோணிகளில் குடிநீரை ஏற்றிக்கொண்டு போய்க் கேப்டனுக்கு உதவு.

பாதுகாப்புத் தருவதாகச் சொல்லித் திருமுழுக்குப் பெறவைத்த பேரரசின் பிரதிநிதிக்கு, திருமுழுக்குப் பெற்றவர்களின் தோணியில் தண்ணீர் போகிறது. பேரம் எட்டே ஆண்டில் தலைகீழாகிவிட்டது. இதைப் படித்துக் காட்டியபோது, “அப்போ காப்பாத்தினது யாரு, யாரை?” என்றார் வண்டி ஓட்டுநர். அவர் கத்தோலிக்கர் அல்லர். வழி நெடுக அமைதியாகக் கேட்டுக்கொண்டே வந்தவர்.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதைத் தாண்டித் தேரியின் செம்மணலும் பனைகளும். உடன்குடிக் கருப்பட்டி வாங்குவதற்காக வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று பெண்கள் வற்புறுத்தினார்கள், நிறுத்தினோம்.

மணப்பாட்டின் அழகைச் சொற்களில் அடக்க நாங்கள் முயலவில்லை. கடலுக்குள் மூக்கை நீட்டிய மணற்குன்று. அதன் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோவில். கீழே அலை அறையும் பாறையில் சவேரியார் தங்கிச் செபித்த குகை, அதனுள் நன்னீர்க் கிணறு. செப்டம்பர் 14ஆம் நாள் திருவிழாவுக்கு இக்குன்று மனிதத் தலைகளால் மூடப்படும். நாங்கள் சென்ற நாளில் ஆடுகள் மட்டுமே இருந்தன.

இங்கே எங்கள் ஆசிரியர்களுக்கென்றே ஒரு செய்தி இருந்தது. ஒரே ஆளாக இத்தனை ஊர்களில் கற்பிக்க இயலாது என்று கண்ட சவேரியார், ஊருக்கு ஒருவரைத் தேர்ந்து செபம் சொல்லிக்கொடுக்கவும், சாகும் நிலையிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் அமர்த்தினார். அவர்களைக் ‘கணக்கப்பிள்ளை’ என்றே தம் கடிதங்களில் குறிப்பிடுகிறார். மறைக்கல்வி ஆசிரியர் என்னும் பணியின் தொடக்கம் இக்கரையில் அதுதான். அவர்களுக்குச் சம்பளம்? இக்கரை மக்கள் போர்த்துக்கீசிய அரசுக்குக் கட்டிய வரியில் 4,000 பணம், அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அரசிக்கு எழுதி அந்தத் தொகையைக் கணக்கப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார். விண்ணகத்துக்கு ஏறிப் போக இந்தக் குழந்தைகளைவிடச் சிறந்த காலணி உமக்குக் கிடைக்காது என்று அவர் வாதிட்டாராம். லிஸ்பன் அரண்மனையின் செருப்புக் கணக்கில் மணப்பாட்டின் முத்து இருந்ததை அவர் கண்டுபிடித்தது போதும், எங்கள் பார்வையில் அவர் புனிதர்தாம்.

குன்றின் நிழலில் அமர்ந்து மீதிக் கதையையும் பேசினோம். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசியர் போயினர், குருக்கள் துரத்தப்பட்டனர், கோவில்கள் பறிபோயின. முத்தும் துறைமுகமும் படைபலமும் இப்போது கால்வினியரான டச்சுக்காரரிடம். 1535இன் பேரம் மட்டுமே உண்மையென்றால், பரதவர் அன்றே மறை மாறியிருக்க வேண்டும். கணக்கு அதைத்தான் சொல்லும். பால்டேயுஸ் என்னும் டச்சுப் போதகர் முயன்று பார்த்தார். மக்கள் அவர் போதனைக்கு வரவில்லை. டச்சுக்காரரின் கை எட்டாத உள்ளூர்களில் மறைந்திருந்த குருக்களைத் தேடிச் சென்று திருப்பலி கண்டார்கள். இறுதியில் விட்டுக்கொடுத்தவர்கள் டச்சுக்காரர்களே. அவர்கள் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே 1713 ஆகஸ்டில், தூத்துக்குடியில் பனிமய மாதாவின் புதுக்கோவில் அர்ச்சிக்கப்பட்டது. நாங்கள் காலையில் வணங்கிப் புறப்பட்ட கோவில் அது.

ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “முத்து இப்ப இருக்கா சாமி?” என்று கேட்டார். 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது, 1961உடன் நின்றது. பார்களில் சிப்பி அருகிவிட்டது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தார்கள். ஆனால் கல்லைக் கட்டி இறங்கும் தலைமுறை முடிந்துவிட்டது.

மணப்பாட்டுக்குத் தெற்கே ஊர்கள் விரைவாகக் கடந்தன. பெரியதாழையில் கடலரிப்பு. தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் கொட்டுகிறார்கள். அது ஒரு பக்கம் மணலைச் சேர்த்து, மறுபக்கத்துக் கரையை வெறுங்கரையாக்குகிறது. ஆகவே ஓர் ஊர் கேட்டால் அடுத்த ஊரும் கேட்க வேண்டியிருக்கிறது. உவரியில் புனித அந்தோனியார் திருத்தலம்; கப்பல் வடிவில் எழுந்த மாதா கோவில். இடிந்தகரையில் லூர்து மாதா கோவில் முன் 2011, 12ஆம் ஆண்டுகளில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து மக்கள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2013இல் உலை இயங்கத் தொடங்கியது. அதன் குவிமாடங்கள் நெடுந்தொலைவுக்குத் தெரிந்துகொண்டே வந்தன. கடலில் பார் யாருடையது என்று பதினாறாம் நூற்றாண்டில் கேட்டவர்களின் வழித்தோன்றல்கள், இப்போது கரை யாருடையது என்று கேட்கிறார்கள். அன்று போலவே இன்றும் விடை சொல்ல வேண்டியவர்கள் தொலைவில் இருக்கிறார்கள்.

மாலையில் கன்னியாகுமரி. அலங்கார உபகார மாதா கோவிலின் வெண்கோபுரத்துக்குக் கீழே ஊர் மக்கள் வலைகளை உலர்த்தியிருந்தனர். எதிரே கடலில் பாறைகள். சுற்றுலா வந்தவர்கள் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் 1544 ஜூன் மாதத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதத்தில் வடுகக் குதிரைப்படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறித் தப்பினார்கள். அங்கே உணவில்லை, நீரில்லை; பசியாலும் தாகத்தாலும் இறந்துகொண்டிருந்தார்கள். செய்தி எட்டியதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். தெற்கும் மேற்குமாகப் போக வேண்டிய வழி. ஜூனில் காற்று அதே திசையிலிருந்து எதிரே அறையும். துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள். குமரியை அடைய முடியவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பினார்கள். பிறகு அவர் தரை வழியே நடந்து போனார். ஆகஸ்ட் முதல் நாள் எழுதிய கடிதத்தில், தாம் கண்டதைச் சொல்கிறார்: உண்ண ஏதுமற்றவர்கள், நடக்க இயலாத முதியவர்கள், இறந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். அவர்களை மணப்பாட்டுக்குக் கொண்டுவந்து, வசதியுள்ளோர் அவர்களுக்கு உணவளிக்க வேண்டுமென்று ஊர்ப் பட்டங்கட்டிகளுக்குச் சொன்னார்.

போர்த்துக்கீசியக் கப்பல் எதுவும் அந்தப் பாறைகளுக்கு வரவில்லை.

கரையில் கட்டுமரத்தின்மேல் அமர்ந்திருந்த பெரியவரிடம் ஆசிரியை கேட்டார்: “தாத்தா, இங்கிருந்து மணப்பாட்டுக்குக் கடலோரமாவே நடந்தா எத்தனை நாளாகும்?”

அவர் கிழக்கே பார்த்துக் கணக்குப் போட்டார். “மணல்லயா? கைப்பிள்ளையோட பொம்பளைங்களும் உண்டா?”

“உண்டு.”

“குடிக்கத் தண்ணி கிடைச்சா நாலு நாளு, தாயி.”